செல்லாக்காசின் விலை

ராயபுரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். ஒரு பக்கம் ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் தலை, கீழே 1927. மறுபக்கம் கழுகு, ஐந்து மார்க். "ஜெர்மன் பேட்டர்ன், மிக மிக அரிது" என்று விற்கிறவர் எழுதியிருக்கிறார். விலை உன்னுடைய மூன்று மாதச் சம்பளம். திங்கட்கிழமைக்குள் பணம் போடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். போடட்டுமா மாமா என்று கேட்டிருக்கிறாய்.

போனில் "வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ கேட்டுக்கொள்வாய். ஆனால் அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு படம் அனுப்புவார். அப்போது பதில் உன் கையில் இருக்க வேண்டும். எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்து, அக்காவிடம் கொடுத்தது போக எட்டு மாதமாக நீ மிச்சம் பிடித்த பணம் அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேட்டர்ன் என்று காசு சேர்ப்பவர்கள் சொல்வதை மாதிரி நாணயம் என்று வைத்துக்கொள். அரசாங்கம் புதுக் காசு கொண்டுவர நினைக்கும்போது, இந்தத் தலை எடுப்பாக இருக்கிறதா, இந்த உலோகம் அச்சில் படிகிறதா, கையில் எடுத்தால் பழைய காசோடு குழப்புமா என்று பார்க்கக் கொஞ்சம் அடித்துப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் லட்சக்கணக்கில் அடித்து வெளியே விடுவார்கள். பிடிக்காவிட்டால் அந்தக் கொஞ்சம் அதோடு நின்றுவிடும். அதைக் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஒன்றுக்கும் உதவாதவனைச் செல்லாக்காசு என்று நாம் சொல்கிறோமே, இது சொல்லுக்குச் சொல் அதுதான். அந்தச் செல்லாக்காசைத் தேடித்தான் உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள். ஒரு நாடு தன் காசை எப்படியெல்லாம் அமைக்க நினைத்தது, எதை வேண்டாம் என்று தள்ளியது என்பதை அது காட்டும்.

நாணயச்சாலையின் பரிசோதனைக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய நம் நாட்டு ரூபாய் ஒன்றே போதும். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்த வெள்ளி ரூபாயில், அரசர் போட்டிருக்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார். பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி 1912-ல் புது அச்சில் அடித்தார்கள். பன்றி ரூபாய் என்று கேட்டாலே இன்றைக்கும் வியாபாரிகளுக்குப் புரியும். நகத்தளவு யானைக்கு இந்தப் பாடு.

ஜெர்மனிக்கும் அந்த நாளில் இப்படிக் கவலைகள் இருந்தன. 25 ஃபெனிக் என்று ஒரு புதுக் காசைச் சுத்த நிக்கலில் 1909 முதல் 1912 வரை அடித்தார்கள். அதற்கு முன் 1908 வாக்கில் அடித்துப் பார்த்த மாதிரிகள் பலவகை. இவ்வளவு பாடுபட்டும் அந்தக் காசு ஜனங்களிடம் எடுபடவில்லை, நான்கே வருஷத்தில் நின்றுபோயிற்று. பிறகு முதல் உலகப் போர். செம்பும் நிக்கலும் ஆயுதச்சாலைக்குப் போக, 5 ஃபெனிக் இரும்பில் வந்தது, 10 ஃபெனிக் இரும்பிலும் துத்தநாகத்திலும் வந்தது, 1 ஃபெனிக் அலுமினியத்தில் வந்தது. இந்தக் காலத்து மாதிரி நாணயங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. பார்வைக்கு அழகில்லை. ஆனால் ஒரு பேரரசின் கையிருப்பு கரைவதை அவற்றின் உலோகத்திலேயே பார்க்கலாம்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். 1927-ல் ஜெர்மனியில் உண்மையில் புழக்கத்துக்கு வந்த ஐந்து மார்க்கில் இருப்பது ஓக் மரம். 25 கிராம் எடை, பாதிக்குப் பாதி வெள்ளி. ஹிண்டன்பர்க் 1934-ல் இறந்தார். அவர் தலை போட்ட ஐந்து மார்க் 1935-ல்தான் ஜனங்கள் கைக்கு வந்தது. அப்படியானால் 1927 என்று போட்ட இது என்ன? மியூனிக்கில் கார்ல் கெட்ஸ் என்றொரு பதக்கக் கலைஞர் இருந்தார், 1875-ல் பிறந்து 1950-ல் இறந்தவர். அரசாங்கம் கேட்காமலே, நான் செய்தால் காசு இப்படி இருக்கும் என்று தன் விருப்பத்துக்கு மாதிரிகள் செய்து அடித்தார். சேகரிப்பவர்களுக்கு விற்கவும் செய்தார். இவற்றைத் தனியார் மாதிரி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கெட்ஸின் கை தேர்ந்த கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அரசாங்கம் அடித்துப் பார்த்துத் தள்ளிய காசும், ஒரு கலைஞர் தன் பட்டறையில் விற்பனைக்கு அடித்த காசும் ஒன்றாகிவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. அவர் இறந்த பிறகு அவருடைய அச்சுகளை வைத்து மகன் பலவற்றை மறுபடி அடித்திருக்கிறார். அச்சு அதே அச்சுதான், அடித்த காலம்தான் வேறு. தந்தை அடித்ததற்கும் மகன் அடித்ததற்கும் ஒரே விலை கொடுப்பது ஏமாறுவதுதான்.

நான் ஏமாந்த கதையை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லிவிடுகிறேன்.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காகச் சேர்ந்த புதிது. கப்பலில் இருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. மாலுமிகள் பைக்குள் கிடக்கும் சில்லறையை டீக்கு, பீடிக்கு மாற்றிக் கொள்வார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் என் சேகரிப்பு. பர்மா பஜாரில் சுற்றுவேன். 1985-ல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டிலும் சுற்றியிருக்கிறேன். ஒருநாள் வேறொரு பழைய பொருள் கடையில், கையகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் இரும்புப் பதக்கம் பார்த்தேன். ஒரு பக்கம் மூழ்குகிற கப்பல். மறுபக்கம் எலும்புக்கூடு ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிறது. 1915-ல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்த லூசிட்டானியாவுக்காக இதே கார்ல் கெட்ஸ் செய்த பதக்கம். ஜெர்மனியிலிருந்து வந்த அசல் சரக்கு, உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கும் என்றார் கடைக்காரர். ஒரு மாத ஓவர்டைம் பணத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தேன். அந்த மாதம் உன் பாட்டிக்குக் கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பல வருஷம் கழித்து எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது விஷயம் தெரிந்தது. கெட்ஸ் முதலில் செய்த பதக்கத்தில் தேதி மே 5 என்று தவறாகப் பொறித்துவிட்டார். கப்பல் மூழ்கியதோ மே 7. கப்பல் மூழ்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே பதக்கம் செய்து வைத்திருந்தார்கள் பாருங்கள் என்று இங்கிலாந்து அந்தத் தவறையே பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டது. லண்டனில் அதைப் பார்த்து அச்சு எடுத்து, பெட்டியில் வைத்து, ஒரு துண்டுப் பிரசுரத்தோடு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கிட்டத்தட்ட மூன்று லட்சம் அடித்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஓர் எழுத்து போதும். மே என்ற சொல்லின் கடைசி எழுத்து ஜெர்மன் மொழியில் ஐ, ஆங்கிலத்தில் ஒய். ஓட்டமாக வீட்டுக்கு வந்து பதக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒய் இருந்தது.

அதை நான் விற்கவில்லை. நீ அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன். கடைக்காரர் மேல் கோபம் எப்போதோ போய்விட்டது. எண்ணிச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், கையில் இருந்த பொருளின் ஓர் எழுத்தைச் சரிபார்க்காமல் விட்டேனே என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.

அதனால் ஆசைப்பட்ட காசின் முகத்தைக் கடைசியில் பார். முதலில் ஓரத்தைப் பார். படம் அனுப்புகிறவர்கள் தலையையும் கழுகையும்தான் அனுப்புவார்கள், உன் விற்பனையாளரும் அப்படித்தான் செய்திருக்கிறார். கெட்ஸ் செய்த பலவற்றின் ஓரத்தில் பவேரியத் தலைமை நாணயச்சாலையின் பெயர் சுருக்கமாகப் பொறித்திருக்கும். வார்த்து எடுத்த போலியாக இருந்தால் ஓரத்தில் அரம் போட்ட தடமோ, இரண்டு பாதி சேர்ந்த மெல்லிய கோடோ தெரியும். அடுத்தது எடை. நகைப் பட்டறையில் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள், பெரிய செலவில்லை. பேரரசு காலத்து மூன்று மார்க் 16.667 கிராம், ஐந்து மார்க் 27.777 கிராம், இரண்டும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வெள்ளி. பிறகு காந்தம். இரும்பு ஒட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சுத்த நிக்கலும் ஒட்டும் என்பது பலருக்குத் தெரியாது; ஆகவே 25 ஃபெனிக் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் அங்கேயே கேள்வி எழுகிறது. நம் பெரியவர்கள் போலச் சுண்டிச் சத்தம் கேட்கிற வேலை மட்டும் வேண்டாம். கீழே விழுந்து விளிம்பு நசுங்கினால் அசலும் பாதி விலைக்கு வந்துவிடும்.

பட்டியல் எண்ணையும் கேள். ஜெர்மன் மாதிரி நாணயங்களுக்கு ஷாஃப் என்பவர் தொகுத்த பட்டியல் இருக்கிறது. கெட்ஸின் வேலைகளுக்குக் கீனாஸ்ட் தொகுத்தது இருக்கிறது. நேர்மையாக விற்கிறவர் எண்ணைச் சொல்லி, எடையைச் சொல்லி, முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் வந்தது என்றும் சொல்வார். கேட்டதும் எரிச்சல்படுகிறவரிடம் வாங்காதே. தரச்சான்றுப் பெட்டிக்குள் அடைத்து வந்திருந்தாலும், அதன் எண்ணைச் சான்று தந்த நிறுவனத்திடமே சரிபார். பெட்டியிலும் போலி வருகிறது.

அரிது என்ற சொல்லுக்கு அளவு தெரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கி 400 வருஷம் ஆனதற்காக 1917-ல் சாக்சனி நாட்டில் மூன்று மார்க் ஒன்று வந்தது. முல்டன்ஹூட்டன் நாணயச்சாலையில் அடித்ததே 100 காசு. உன் போனிலேயே தேடிப் பார், நூற்றுக்கு மேல் விற்பனைக்குக் கிடைக்கும். மீதிக் கணக்கை நீயே போட்டுக்கொள்.

இவ்வளவு சொன்ன பிறகு உன்னை ஒன்று கேட்க வேண்டும். ஜெர்மன் காசின் மேல் உனக்கு ஏன் இந்த ஆசை? ஊர் பேர் தெரியாத விற்பனையாளர் காட்டிய படத்தினால் வந்த ஆசையாக இருந்தால் அது நிற்காது. ஆனால் நீ நிற்கிற மண்ணிலேயே ஜெர்மனியோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் நம் கரைக்கு வந்தது. என் பாட்டி, அதாவது உன் அம்மாவுக்கும் பாட்டி, அப்போது ஒன்பது வயதுப் பெண். வானம் முழுக்கச் சிவந்து கிடந்தது, விடிந்ததும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள் என்று சொல்வார். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தேடுவிளக்கைப் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சில நிமிஷத்தில் விளக்கை அணைத்துக்கொண்டு கப்பல் போய்விட்டது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கெட்டிக்காரனை "அவன் எம்டன்டா" என்று நாம் இன்னும் சொல்கிறோம். கப்பலின் பெயர் அப்படியே தமிழ்ச் சொல்லாகிவிட்டது.

அதே வருஷம் நவம்பர் 9-ல் கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்துக் கரைதட்ட வைத்தது. உடைந்த கப்பலுக்குள்ளிருந்து மெக்சிக்கோ வெள்ளி டாலர்கள் கிடைத்தன. எம்டன் போருக்கு முன் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் நின்ற கப்பல். சீனக் கரையில் அப்போது எல்லோரும் கைநீட்டி வாங்கிய பணம் மெக்சிக்கோ வெள்ளி. அந்தக் காசுகளில் சுமார் ஆயிரத்துக்கு 1918-ல் சிட்னி நகர நகைக்கடை ஒன்றில் மேலே ஒரு கிரீடமும் கப்பல்களின் பெயரும் பொருத்திப் பதக்கமாக்கினார்கள். சிட்னி கப்பலில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதி விற்பனைக்கு வந்தது. சீனக் கரையிலிருந்து ஏற்றி வந்த வெள்ளி என்பதால், ராயபுரத்து வானம் சிவந்த இரவில் அது அந்தக் கப்பலுக்குள்தான் இருந்திருக்கும். இதை முதல்முதலில் யோசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெக்சிக்கோவில் அடித்து, ஜெர்மன் கப்பலில் ஏறி, நம் தெருவைப் பார்த்துச் சுட்ட பீரங்கிக்குக் கீழே கிடந்து, ஆஸ்திரேலியாவில் பதக்கமான காசு. அதற்கும் போலிகள் உண்டு, எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதச் சம்பளத்தை ஒரு வெள்ளிக்குக் கொடுக்கத்தான் போகிறாய் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

கையில் இருக்கும் பணத்துக்கு இன்னும் எளிதானது ஒன்றும் இருக்கிறது. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ரூபி. ரூபி என்பது நம் ரூபாயேதான். அந்தக் கரையோர வியாபாரம் இந்தியர் கையில் இருந்தது, இந்திய ரூபாய்தான் புழங்கியது. அதனால் ஜெர்மானியர்கள் 1890-ல் காசு அடித்தபோது 11.66 கிராம் எடையும் வெள்ளித் தரமும் நம் ரூபாய் போலவே வைத்தார்கள். தலை மட்டும் கழுகுத் தொப்பி போட்ட கைசர் வில்ஹெல்ம். சில்லறைக்கு 64 பெசா. 1904-ல் அதை 100 ஹெல்லர் ஆக்கினார்கள். போரில் கடல்வழி அடைபட்டதும், 1916-ல் தபோரா ரயில்வே பட்டறையில் பித்தளைக் கழிவையும் குண்டு உறைகளையும் உருக்கி ஹெல்லர் அடித்தார்கள். செக்கென்கே சுரங்கத்துத் தங்கத்தில் யானை போட்ட 15 ரூபி சுமார் 16,000 அடித்தார்கள். அந்த அச்சைச் செதுக்கியவர் இலங்கையிலிருந்து போன ஒரு சிங்களப் பொற்கொல்லர் என்று நாணய நூல்கள் குறிக்கின்றன. பன்றி ரூபாயின் யானையையும் இந்த யானையையும் பக்கத்தில் வைத்துப் பார். தும்பிக்கை தூக்கி நிற்கிற யானை எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. தங்கம் உனக்கு இப்போது வேண்டாம். பித்தளை 20 ஹெல்லர் ஒன்று போதும்.

வாங்கினால் எங்கே வைப்பாய்? நம் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. மணலியில் குடியிருந்தபோது உன் அத்தையின் வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுத்தது என்று அவளையே கேள். இரும்புக் காசு துருப்பிடிக்கும், துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். ரெக்சின் வாசம் அடிக்கிற மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வாங்காதே, அது பிசுபிசுப்பாக உருகிக் காசைத் தின்னும். மைலார் உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை. மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்று. உன் அம்மா பூஜைச் சாமானோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள். பீதாம்பரியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். துலக்கிய காசு பளபளக்கும், மதிப்பு போய்விடும். கையில் எடுத்தால் ஓரத்தைப் பிடித்து எடு.

சட்டம் ஒன்றையும் மறக்காதே. 1972-ம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயத்தை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1908-ல் அடித்த காசை இங்கே வாங்கினால், பிறகு வெளிநாட்டு ஏலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கு நடக்காது. சேகரிப்பை முதலீடு என்று உனக்கு யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கேள்.

ஒரு விடுமுறை நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயங்கள் இருக்கும் கூடத்துக்குப் போய் வா. திரும்பும்போது தங்கசாலைத் தெரு வழியாக நட. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மதராஸ் நாணயச்சாலை 1869 வரை அங்கேதான் இயங்கியது. காசு அடித்த ஊரில் பிறந்தவன் நீ.

இப்போது அந்த ஐந்து மார்க். விற்பனையாளருக்கு இன்றே எழுது: ஓரத்தின் படம் மூன்று கோணத்தில், கிராமில் எடை, விட்டம், கீனாஸ்ட் எண், முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரம். பதில் வந்தால் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். வராவிட்டால் பணம் போடாதே. திங்கட்கிழமை போனால் போகட்டும்.

அன்புடன்,
உன் மாமா